சோளமாக் கடல்

லிங்கநகரில் கேக் ரீச்சர் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள். கிறிஸ்டினுக்கு அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. திருகோணமலைக் கலியாணங்களில் பாதிக்கு அவள்தான் கேக் அடித்திருக்கிறாள். மீதிப் பாதிக்கு அவளிடம் படித்தவர்கள் அடித்திருக்கிறார்கள். நல்ல மனுசி. கேட்டால் உதவி செய்வாள், கேட்காவிட்டாலும் செய்வாள், வேண்டாமென்று சொன்னாலும் விடமாட்டாள். ஒரேயொரு குறை, அவளுக்குத் தோற்கத் தெரியாது.

அந்தக் குறையைக் கிளறிவிடுவதற்கென்றே கோயில் பங்கில் ஒரு போட்டி இருந்தது. பங்குக் குடும்பங்களை ஒழுங்கை ஒழுங்கையாகப் பிரித்துச் சிறு கூட்டங்களாக வைத்திருக்கிறார்கள். அன்பியம் என்று பெயர். வீடுவீடாகக் கூடிச் செபிப்பார்கள்; செத்தவீடு, கலியாணவீடு என்றால் ஒன்றாக நிற்பார்கள். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் அந்த அன்பைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். திருநாளை ஒட்டி அன்பியங்களுக்கு இடையில் விவிலிய நாடகப் போட்டி நடக்கிற மாதம் அது.

போன வருடம் கிறிஸ்டினின் அன்பியம் கடைசி. ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்த கதையைப் போட்டார்கள். அப்பங்களை அவளே சுட்டு அடுக்கியிருந்தாள். புதுமை நடக்கும் முன்பே அப்போஸ்தலர்கள் திரைக்குப் பின்னால் நின்று பாதியைத் தின்றுவிட்டார்கள். நடுவர் அதைச் சொல்லிச் சிரித்தார், முழுப் பங்கும் சிரித்தது. கிறிஸ்டினும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை.

இந்த வருடத்துக்கான வழி குசினியில் கிடைத்தது. கஸ்ரட்டுக்குக் கோன்பிளவர் சோளமாவைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் காணாது. ஏதோ எரிச்சலில் கரண்டியால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். கரண்டி கல்லில் பட்டதுபோலத் துள்ளியது. திரும்பவும் மெதுவாக வைத்தாள். அது பேசாமல் உள்ளே இறங்கியது. கஸ்ரட் அன்றைக்கு நடக்கவில்லை. பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குத்துவதும் தடவுவதுமாக இருந்தாள். கடைசியில் அவளுக்குப் பேதுரு ஞாபகத்துக்கு வந்தார். கடலின் மேல் நடந்துபோய், பாதி வழியில் பயந்து மூழ்கின பேதுரு.

அடுத்த அன்பியக் கூட்டம் பற்றிக்கின் வீட்டில். பற்றிக் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். றஜிதாவைக் கட்டிக்கொண்டு லிங்கநகருக்கு வந்து சில வருடங்கள்தான். மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட, படகு இயந்திரம் திருத்துகிற கடையில் வேலை. பரந்த நெஞ்சு, கறுத்த தாடி, அதிகம் கதையாதவன். எந்த வெக்கையிலும் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும்தான். அன்றைக்கும் அப்படியே நின்று எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

செபம் முடிந்த கையோடு கிறிஸ்டின் கரைத்த மாவோடு ஒரு பேசினை நடுவில் வைத்தாள். "எல்லாரும் வந்து அடியுங்கோ" என்றாள். அடித்தார்கள். ஓங்கி அடித்தவர்களுக்குக் கை நொந்தது, ஒரு துளிகூடத் தெறிக்கவில்லை. "இப்ப மெதுவா விரலை வையுங்கோ." விரல் பாலுக்குள் போவதுபோலப் போனது.

"இதென்ன ரீச்சர், சூனியமோ?" என்று ஜனுஷன் கேட்டான். வங்கியில் வேலை செய்கிற பெடியன். போன வருடம் அப்பம் தின்றவர்களில் முக்கியமானவன்.

"சூனியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாவு மணியெல்லாம் தண்ணிக்குள்ள நெருக்கிக்கொண்டு நிக்குது. மெதுவாப் போனா விலகி வழி விடும். திடீரெண்டு அடிச்சா விலக நேரம் இல்லை, ஒண்டோட ஒண்டு இறுகிப் போகும். கொடியேத்தத்து அண்டைக்குக் கோயில் கேற்றைப் பாக்கேல்லையே? ஆறுதலாப் போனா அவ்வளவு சனமும் போகும். ஆரும் 'யானை' எண்டு கத்தினா ஒருத்தரும் போக ஏலாது."

ஆகவே திட்டம் இதுதான். மேடைக்கு முன்னால் நீளமான பலகைப் பெட்டி செய்து, தண்ணீர் ஒழுகாமல் படங்கு விரித்து, கரைத்த மாவை முழங்கால் ஆழத்துக்கு நிரப்புவது. பேதுரு அதன் மேல் தடதடவென்று ஓடுவார், மூழ்கமாட்டார். நடுவில் பயந்து நிற்பார், நின்றவுடன் மூழ்குவார். நடிக்கவே தேவையில்லை. இயேசு மட்டும் ஓட ஏலாது, அமைதியாக நடக்க வேண்டும். அமைதியாக நடந்தால் அவரும் மூழ்கிவிடுவார் என்பதால் அவர் நடக்கிற பக்கம் மாவுக்கு அடியில் ஒரு பலகையை மறைத்து வைப்பது.

"அப்ப இயேசுவுக்குப் பலகை, பேதுருவுக்குத்தான் உண்மையான கடல்" என்றான் பற்றிக் தேத்தண்ணீர்த் தட்டோடு. எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்டின் அவனை அப்போதுதான் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அந்த நெஞ்சு, அந்தத் தாடி.

"பேதுரு நீங்கள்தான், பற்றிக்."

"ஐயோ அக்கா, எனக்கு ஏலாது. முழங்கால் சரியில்லை. முந்தி மோட்டார்சைக்கிள்ல விழுந்தனான்."

"முழங்கால் நோகாத ஆர் இஞ்ச இருக்கினம்? ஓட வேண்டியது பன்னிரண்டு அடி."

"வேற ஆரையும் பாருங்கோ அக்கா. நான் பெட்டி அடிச்சுத் தாறன்."

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அது கிறிஸ்டின் இல்லை. கூட்டத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பாருங்கோ, ஒரு நாளும் இந்த மனுசன் பங்கு வேலை ஒண்டுக்கும் கால் எடுத்து வைக்கிறேல்ல. என்ன பற்றிக், காலை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டி வைச்சிருக்கிறியளோ?"

வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். பற்றிக்கும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி. றஜிதா மட்டும் சிரிக்காமல் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கோப்பைகள் ஒன்றோடொன்று இடிபட்ட சத்தம் கிறிஸ்டினுக்குக் கேட்டது. இவளுக்கு என்ன வீம்பு என்றுதான் அப்போது நினைத்தாள்.

"சரி அக்கா, ஓடுறன்" என்றான் பற்றிக். "ஆனா வெறுங்காலோட ஏலாது. காலில சேத்துப்புண். சொக்ஸ் போட்டு, அதுக்கு மேல வார்ச் செருப்புக் கட்டித்தான் ஓடுவன். அங்கிக்குக் கீழ காற்சட்டையும் இருக்கும்." அவன் இறங்கிவந்ததே போதும் என்று கிறிஸ்டின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மாவுக்குக் கிண்ணியா முனாப் இருந்தார். மொத்த வியாபாரி, கிறிஸ்டினின் கேக் சாமான் எல்லாம் அவரிடம்தான். திகதி முடிந்த கோன்பிளவர் மூட்டைகள் கொஞ்சம் அவருடைய களஞ்சியத்தில் கிடந்தன. ஒரு குட்டி லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து கோயில் வளவில் இறக்கிவிட்டு, "இவ்வளவு மாவிலையும் கேக் செய்யப் போறீங்களா, கடலைத் தூர்க்கப் போறீங்களா?" என்று கேட்டார். "கடல் செய்யப் போறம் நானா" என்றாள் கிறிஸ்டின். கொங்கிறீற் குழைக்கிற மெஷினை யாரோ இரவல் வாங்கி வந்தார்கள். கேக்குக்குப் போடுகிற நீலக் கலரை அவள் போத்தல் போத்தலாகக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு அந்த அன்பியத்தில் எல்லோருடைய நகக்கண்ணும் நீலம்.

ஒத்திகையில் பற்றிக் எல்லோரையும் வாயடைக்க வைத்தான். மற்றவர்கள் ஓடிப் பார்த்தபோது, கால் வைக்கும் முன் ஒரு சின்னத் தயக்கம் வந்தது. அந்தத் தயக்கம் போதும், மாவு பாதத்தை விழுங்கிவிடும். பற்றிக் அப்படி இல்லை. சம்மட்டியால் அடிப்பதுபோல இடது காலைக் குத்திக் குத்தி ஓடினான். "பற்றிக்கின்ர காலுக்குப் பயமே தெரியாது" என்று கிறிஸ்டின் கைதட்டிப் புகழ்ந்தாள். அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தான். மூழ்கின பிறகு எழும்புவதுதான் கரைச்சல். அவசரத்தில் இழுத்தால் மாவு இறுகிப் பிடிக்கும். ஆறுதலாக எடுத்தால் விடும். ஜனுஷனின் ஒரு செருப்பை அது இரண்டு தரம் பிடுங்கி வைத்துக்கொண்டது. ஜனுஷன்தான் இயேசு. "ஆறுதலா, தம்பி. கையைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நில்லு. அவர் தானா மெதுவா வருவார்" என்று அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவளும் கிறிஸ்டின்தான்.

போட்டி நாள் பின்னேரம் கோயில் வளவு நிறைந்து வழிந்தது. கிறிஸ்டினின் அன்பியத்துக்குக் கடைசி முறை விழுந்திருந்தது. பேச்சுகள் நீண்டன. காத்திருக்கக் காத்திருக்க மாவு அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிய, இரண்டு அப்போஸ்தலர்கள் துடுப்பால் அதைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் முறை வந்தபோது பொழுது மங்கிவிட்டது, வெளிச்சங்களைப் போட்டார்கள். நேரக் கட்டுப்பாடு கடுமை. முதல் மணி அடித்தால் முடிக்கத் தொடங்க வேண்டும். இரண்டாவது மணிக்குப் பிறகு ஒவ்வொரு நிமிடத்துக்கும் புள்ளி வெட்டு.

பற்றிக் ஓடினான். நீலக் கடலின் மேல், தண்ணீர் தெறிக்காமல், அங்கி பறக்க ஓடினான். சனம் எழுந்து நின்றது. முன்வரிசைச் சிறுவர்கள் கத்தினார்கள். நடுவில் நின்றான். நின்றவுடன் கால்கள் இறங்கத் தொடங்கின, பாதம், கணுக்கால், கெண்டைக்கால். ஒரு மனிதன் கண்முன்னால் கடலுக்குள் போவதைப் பார்த்து எங்கோ ஒரு தாய் "மாதாவே" என்றாள். திரை மறைவில் நின்ற கிறிஸ்டினுக்கு முதற்பரிசுக் கப் கையில் வந்துவிட்டது போலிருந்தது.

அப்போது முதல் மணி அடித்தது. ஜனுஷன் அமைதியாக, மிக அமைதியாக, பலகையின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தான். பாடகர் குழு பாட்டை முதலிலிருந்து திருப்பிப் பாடியது. பற்றிக் ஒத்திகையில் பழகியபடி வலது காலை ஆறுதலாக எடுத்துப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டான். இடது கால் மட்டும் உள்ளே. ஜனுஷன் கையைப் பிடித்தான், பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். கிறிஸ்டின் நடுவர் மேசையைப் பார்த்தாள். மணி அடிக்கிறவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார்.

"கெதியா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து கையை வீசினாள். ஜனுஷன் குழம்பிப்போய்ப் பார்த்தான். "இழுடா தம்பி! கெதியா இழு!"

ஜனுஷன் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தான்.

பற்றிக் வந்தான். கால் வரவில்லை. நீல மாவின் நடுவில் சொக்ஸும் செருப்பும் உள்ளே புதைந்திருக்க, முழங்காலுக்குக் கீழான மண்ணிறக் கால் ஒன்று நேராக நின்றது. அதன் மேல்நுனியில் ஒரு தோற்பட்டி அவிழ்ந்து தொங்கியது. ஜனுஷன் அதைப் பார்த்தான். இயேசுவின் முகம் அப்படிப் பயந்து அந்தப் பங்கில் யாரும் கண்டதில்லை. பற்றிக் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் விழுந்து கிடந்தான். அங்கி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

கிறிஸ்டினுக்கு விளங்கியது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. சப்பாத்து, காற்சட்டை, சேத்துப்புண், பயமே தெரியாத கால். அலுமாரி. அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவள் அவள்தான்.

பற்றிக்தான் முதலில் குரல் கொடுத்தான், பேதுருவின் குரலில், நடுங்காமல்: "விட்டுவிடாதேயும் ஆண்டவரே, பிடியும்!" பிறகு ஜனுஷனின் காதுக்குள் ஏதோ சொன்னான். ஜனுஷன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பலகை வழியே நடந்து மறைவுக்குள் போனான். பாடகர் குழு விழித்துக்கொண்டு பாடியது. சனம் கைதட்டத் தொடங்கியது, நிற்காமல் தட்டியது. இரண்டாவது மணியை யாரும் அடிக்கவில்லை.

ஆனால் கால் அங்கேயே நின்றது. பெட்டி மேடைக்கு முன்னால் இருந்ததால் மறைக்கத் திரை இல்லை. இரண்டு அப்போஸ்தலர்கள் ஓடிப்போய் அதைப் பிடித்து இழுத்தார்கள். மாவு விடவில்லை. இன்னும் பலமாக இழுத்தார்கள். பெட்டியே ஆடியது, கால் அசையவில்லை. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. ஒருவன் காலை மண்வெட்டிப் பிடிபோல முறுக்கினான். சிரிப்புக் கூடியது.

"விடுங்கோ!" என்று கத்திக்கொண்டு கிறிஸ்டின் வந்தாள். சேலையோடு பெட்டிக்குள் இறங்கினாள். பேசாமல் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஏலாது. அதை அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. முழங்காலில் நின்று இரண்டு கையையும் மெல்ல உள்ளே விட்டாள். பாதத்துக்கு அடியில் விரல்களைக் கொடுத்தாள். தூக்கினாள், மூச்சு விடுகிற வேகத்தில். அந்தரத்தில் கொஞ்சம் விரைந்தால்கூட மாவு சட்டென்று இறுகியது. திரும்ப நிறுத்தி, திரும்ப மெதுவாக. சிரிப்பு அடங்கி, முழுப் பங்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மேல்நுனி அவள் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளே, தேய்ந்த பஞ்சுத் துணியில் கையால் தைத்த ஒட்டுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, வேறு வேறு நிற நூலில். றஜிதாவின் தையல். கேக் வகுப்புக்கு வந்தபோது அவளுடைய ஏப்ரனிலும் அதே தையல்தான் இருந்தது. கிறிஸ்டினுக்கு அப்போது வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. செத்துப்போனால் நல்லது என்று நினைத்தாள். செத்துப்போகவும் அவசரப்பட ஏலாது; முதலில் காலை எடுக்க வேண்டும்.

எடுத்தாள். முன்றானையால் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பியபோது, நடுவர் பாதர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்துவிட்டார். மட்டக்களப்பிலிருந்து வந்தவர், நன்றாகப் பேசுவார்.

"நான் எத்தினையோ விவிலிய நாடகம் பாத்திருக்கிறன். இப்பிடி ஒண்டைப் பாத்ததில்லை. கடலில இருந்து பேதுரு உயிரோட வாறார், ஒரு காலை விட்டிட்டு வாறார். யுத்தத்துக்குள்ள இந்த நாட்டில தண்ணியைக் கடந்து உயிரோட வந்து, காலை விட்டிட்டு வந்தவை எத்தினை பேர்! அதைச் சொல்லாமல் சொன்ன இந்த அன்பியத்துக்கும், அந்தப் பொய்க்காலை ஒருத்தருக்கும் தெரியாமல் செய்து வைச்ச சகோதரிக்கும் என்ர பாராட்டு. முதலாம் இடத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை."

கைதட்டல் வளவை நிறைத்தது. பற்றிக் இரண்டு காலால் ஓடினதை எல்லோரும் கண்டார்கள். கேக் ரீச்சரின் கைவேலை எப்படியென்றும் அறிவார்கள். ஆகவே அது அவளுடைய வித்தை என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. கிறிஸ்டின் நீல நீராய் ஒழுகிக்கொண்டு மறைக்கல்வி வகுப்பறைக்குள் ஓடினாள்.

பற்றிக் ஒரு கதிரையில் இருந்தான். அங்கியை மடிக்கு மேல் விரித்திருந்தான். பக்கத்தில் றஜிதா துவாயோடு நின்றாள்.

"பற்றிக், நான்..."

"முதல்ல காலைத் தாங்கோ அக்கா. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

"நான் துடைச்சுத் தாறன்."

"வேண்டாம் ரீச்சர்" என்றாள் றஜிதா. கோபமாகச் சொல்லவில்லை. வாங்கி, கவிழ்த்து, உள்ளே துவாயை விட்டுத் துடைக்கத் தொடங்கினாள். "எங்களுக்குப் பழக்கம்."

கிறிஸ்டின் நின்றாள். இருக்கச் சொல்லவும் யாரும் இல்லை, போகச் சொல்லவும் யாரும் இல்லை. கடைசியில் பற்றிக்தான் கதைத்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். இஞ்ச வந்த பிறகுதான் ஒருத்தரும் கேக்கேல்ல. எங்க போனது, எப்ப போனது, எந்தப் பக்கம் நிண்டனீங்கள் எண்டு கேக்காத இடத்தில கொஞ்சக் காலம் இருந்து பாப்பம் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

"என்ர பிழை பற்றிக். நான்தான் இழுக்கச் சொன்னனான். போய் மைக்கில எல்லாருக்கும் சொல்லுறன். எங்களுக்குக் கப் வேண்டாம் எண்டு சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவியள்?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "என்ர காலைச் சொல்லாமல் உங்கட பிழையைச் சொல்ல ஏலாது அக்கா. மன்னிப்புக் கேட்டா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். நாளைக்குக் கடைக்கு வாற சனமெல்லாம் முதல்ல என்ர காலைத்தான் பாக்கும். பொம்மைக் கால் எண்டு நினைக்கினம், நினைக்கட்டும். போய்க் கப்பை வாங்குங்கோ."

"என்னால ஏலாது."

"சிரிச்சுக்கொண்டு வாங்குங்கோ" என்றான்.

வெளியே ஒலிபெருக்கியில் அவள் பெயர் இரண்டாம் தரம் கேட்டது. கிறிஸ்டின் போனாள். ஆசைப்பட்ட கப் அது. வாங்கியபோது அதன் கைபிடி அவள் நீல விரல்களில் வழுக்கியது. அந்தக் கால் எங்கே கிடைத்தது என்று பாதர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "புடவைக் கடைப் பொம்மையின்ர கால், பாதர்" என்றாள். சனம் சிரித்துக் கைதட்டியது. சிரித்தாள். எப்படி இந்த யோசனை வந்தது என்று கேட்டார். "சும்மா வந்தது" என்றாள். அதைவிட உண்மையாக அவளால் ஒன்றும் சொல்ல ஏலாமல் இருந்தது. படம் பிடித்தார்கள். அன்பியத்துப் பெண்கள் கட்டிப்பிடித்தார்கள். ஒவ்வொரு பிடிக்கும் அவளுக்குள்ளே ஏதோ கூசிக் கூசிச் சுருங்கியது. ஜனுஷன் மட்டும் ஒரு மூலையில் அங்கியோடு நின்றான். அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

சனம் கலையத் தொடங்கியதும் யாருக்கும் சொல்லாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். கேற்றடியில் கச்சான் கடலை வண்டி, அதன் மேல் ஒரு வெளிச்சக் குமிழ். "ரீச்சர், கொஞ்சம் நில்லுங்கோ" என்று குரல் கேட்டது. கச்சான் விற்கிறவர். திருநாள் நடக்கிற இடமெல்லாம் வருகிறவர், சைவக்காரர். காற்சட்டையின் ஒரு பக்கத்தை மடித்து ஊசி குத்தியிருந்தார். ஊன்றுகோல் வண்டியில் சாய்ந்திருந்தது. அவரிடம் எத்தனையோ தரம் கச்சான் வாங்கியிருக்கிறாள். பெயர் தெரியாது.

"அருளம்பலம்" என்று அவரே சொன்னார். சுருளில் கச்சானை அள்ளி நிறைத்து அவள் கையில் திணித்தார். "காசு எடுக்க மாட்டன். இண்டைக்கு எடுக்க மாட்டன். எனக்கும் ஒரு கால் தந்தவை. போட்டா நோகுது, சனமும் பாக்குது எண்டு வீட்டில போட்டிட்டன். இவ்வளவு சனத்துக்கு முன்னால அப்பிடியொரு கால் நிண்டு, சனம் எழும்பிக் கைதட்டினதை இண்டைக்குத்தான் பாத்தன். உங்களுக்கு எங்களை நினைக்கத் தோணிச்சே, அம்மா."

கிறிஸ்டின் தலையை ஆட்டினாள். "நான் நினைக்கேல்ல ஐயா" என்றாள். "சத்தியமா நான் உங்களை ஒருத்தரையும் நினைக்கேல்ல."

"பெரிய மனசு உள்ளவை அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

அவளுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். திரும்பினாள். பற்றிக். காற்சட்டை, சப்பாத்து, ஈரத் தலை. வீட்டுக்குப் போகக் கிளம்பி வந்தவன். கொஞ்சம் தள்ளி றஜிதா மோட்டார்சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருளம்பலம் சொன்னது முழுவதும் அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். பற்றிக் கிறிஸ்டினைக் கடந்து போனான். வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் இருந்தான்.

"எவடத்தில அண்ணை நோகுது?" என்று கேட்டான்.

"என்ன தம்பி?"

"போட்டா நோகுது எண்டனீங்கள். முன்னுக்கோ, பக்கத்திலையோ?"

கேட்டுக்கொண்டே இடது காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். அருளம்பலம் பார்த்தார். மேடைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து, கேட்காமலே, தோற்பட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்க கட்டினனீங்கள்? எனக்குத் தந்ததில பட்டி இதுக்குக் கீழ வருது."

"அதுதான் நோகுது. மேல ஏத்த வேணும். உள்ளுக்குத் துணி வைச்சவையே? இல்லையெண்டா என்ர மனுசியைக் கேளுங்கோ, அவ தைச்சுத் தருவா."

றஜிதா மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்து குந்தினாள். மூன்று தலைகளும் அந்தக் காலின் மேல் குனிந்தன. ஏதோ சொன்னார்கள், அருளம்பலம் சிரித்தார். கிறிஸ்டின் ஒரு கையில் கப்பும் மறு கையில் கச்சானுமாக நின்றாள். போகவும் மனம் வரவில்லை. தானும் ஏதாவது சொல்ல வேண்டும், ஒரு உதவியாவது செய்ய வேண்டும் என்று ஓரடி முன்னால் வைத்தாள்.

பற்றிக் பட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. வெளிச்சம் மறைக்குது."

அவள் தள்ளி நின்றாள்.